தோசைக்கல்லில் ராஜ்மா பர்கர்: உடையாமல், குழையாமல் செய்யும் முறை

வீட்டில் செய்யும் வெஜ் பர்கரைப் பற்றி வழக்கமாக வரும் புகார்கள் இரண்டுதான். கடித்தவுடன் உள்ளே இருப்பது பன்னின் பின்பக்கமாகப் பிதுங்கி வெளியே வந்துவிடுகிறது. இல்லையென்றால் திருப்பிப் போடும்போதே கல்லில் நாலு துண்டாக உடைகிறது. இரண்டுக்கும் காரணம் தண்ணீர். வேகவைத்த ராஜ்மாவின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர்தான். வெங்காயம், கேரட், பீட்ரூட் எல்லாமே கிட்டத்தட்ட 90 சதவீதம் தண்ணீர். காளான் அதற்கும் மேல். இத்தனையையும் ஒன்றாகப் பிசைந்து தட்டிவிட்டு, அது நிற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகம்தான்.

அதனால் கீழே வரும் படிகளில் பாதிக்கு மேல் தண்ணீரை வெளியேற்றும் வேலை. மசாலாவை உங்கள் விருப்பப்படி எப்படி வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளுங்கள். உலர்த்தும் படிகளை மட்டும் தாண்டிப் போகாதீர்கள்.

ஓவன் தேவையில்லை. குக்கர், கனமான வாணலி, தோசைக்கல், மிக்ஸி, பருப்பு மத்து போதும். முதல் நாள் இரவு ஊறப்போட்டுவிட்டால் மறுநாள் ஏறக்குறைய இரண்டு மணி நேர வேலை. அதிலும் பாதி நேரம் அதுபாட்டுக்கு வேகும், ஆறும், ஃபிரிட்ஜில் இருக்கும்.

எந்த மாதிரி பர்கர்

வெஜ் பர்கர் என்ற பெயரில் இன்று கிடைப்பவை பலவிதம். நம் ஊர் துரித உணவுக் கடைகளில் வருவது பெரும்பாலும் உருளைக்கிழங்கும் பட்டாணியும் சேர்ந்த டிக்கி. சுவையில் குறை சொல்ல முடியாது. ஆனால் மாவுச்சத்தை எடுத்து இன்னொரு மாவுச்சத்துக்குள் வைத்துச் சாப்பிடுகிறோம், அவ்வளவுதான். அப்புறம், இறைச்சியைப் போலவே தோன்ற வேண்டும் என்று ஆலையில் தயாராவது ஒன்று. பட்டாணியிலிருந்தோ சோயாவிலிருந்தோ புரதத்தை மட்டும் பிரித்தெடுத்து, எண்ணெயும் ஒட்டுப்பொருளும் சேர்த்துச் செய்வார்கள்.

இங்கே செய்யப்போவது இவை இரண்டும் இல்லை. முழுப் பயறு, தானியம், காய், கொட்டை, விதை இவ்வளவுதான். 1982-இல் லண்டனில் கிரிகோரி சாம்ஸ் என்பவர் ‘வெஜ்பர்கர்’ என்று ஓர் உலர் கலவையைக் கடைக்குக் கொண்டுவந்தார். ஓட்ஸ், எள், சோயா, கோதுமைப் புரதம் சேர்ந்த அந்தக் கலவையில் தண்ணீர் ஊற்றிப் பிசைந்து வீட்டில் சுட்டுக்கொள்ள வேண்டும். இறைச்சியைப் போல நடிக்க வேண்டும் என்ற கட்டாயமெல்லாம் வீட்டு பர்கருக்கு இல்லை. பயறு பயறாகவே ருசிக்கட்டும் என்பதுதான் என் கட்சி.

‘மீல்மேக்கர் போடலாமா?’ என்று பலர் கேட்பார்கள். போடலாம், ருசியாகவும் இருக்கும். ஆனால் அது சோயாவிலிருந்து எண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சும் மாவை அழுத்திச் செய்வது. முழு உணவாகவே வேண்டும் என்று தொடங்கியவருக்கு அது பொருந்தாது.

பயறு தேர்வு

மளிகைக் கடையில் ராஜ்மா சாதாரணமாக இரண்டு விதமாகக் கிடைக்கும். ஒன்று கருஞ்சிவப்பு. மற்றது சித்ரா ராஜ்மா, வெளிர் நிறத்தில் சிவப்புப் புள்ளிகளோடு இருக்கும். சித்ரா சீக்கிரம் வெந்து மாவாகிவிடும். சிவப்புக்குத் தோல் கொஞ்சம் கெட்டி. மசித்த பிறகும் பல்லுக்கு ஏதோ அகப்படும். பர்கருக்கு நான் சிவப்பைத்தான் எடுப்பேன்.

இந்த இடத்தில் நியாயமான ஒரு கேள்வி வரும். பருப்பு வடைக்குக் கடலைப்பருப்பை வேகவைக்கிறோமா என்ன? ஊறவைத்துக் கொரகொரப்பாக அரைத்துத் தட்டினால் தானாக ஒட்டுகிறதே, இதற்கும் அப்படிச் செய்தால் என்ன?

கொண்டைக்கடலையில் அப்படிச் செய்யலாம். மேற்காசியாவின் ஃபலாஃபெல் அதுதான். பச்சைப் பருப்பில் இருக்கும் மாவுச்சத்து எண்ணெயின் சூட்டில் உப்பி இறுகுவதால் வடை தானே பிடித்துக்கொள்கிறது. வேகவைத்த பயறில் அந்த வேலை குக்கரிலேயே முடிந்துவிடுகிறது, கல்லில் போடும்போது ஒட்டுவதற்கு மிச்சம் அதிகம் இல்லை. அதனால்தான் ஓட்ஸ், ஆளி விதை என்று வெளியிலிருந்து ஒட்டும் பொருள் சேர்க்கிறோம்.

ஆனால் ராஜ்மாவை மட்டும் ஒருபோதும் பச்சையாக அரைத்துச் செய்யாதீர்கள். அதில் பைட்டோஹீமாக்ளுட்டினின் என்ற நச்சுப் புரதம் இருக்கிறது, சிவப்பு ராஜ்மாவில் மிக அதிகம். சரியாக வேகாத நாலைந்து பயறு வயிற்றுக்குள் போனால்கூட சில மணி நேரத்தில் வாந்தியும் பேதியும் வரலாம். முளைகட்டினாலும் பச்சையாகத் தின்பதற்கு உகந்ததில்லை. குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் 30 நிமிடம் நன்றாகக் கொதிக்கவைக்க வேண்டும் என்பது அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் அறிவுரை. குக்கருக்குள் சூடு 100 டிகிரியைத் தாண்டிப் போவதால் நம் வழக்கமான முறையில் பயமில்லை. பயப்பட வேண்டியது மெதுவாக வேகவைக்கும் மின்சாரப் பாத்திரங்களுக்குத்தான். அவற்றில் தண்ணீர் கொதிநிலைக்கு வராமலே பயறு மென்மையாகிவிடும், நச்சு அப்படியே இருக்கும். அப்படிப்பட்ட பாத்திரம்தான் இருக்கிறது என்றால் முதலில் அடுப்பில் கொதிக்கவைத்துவிட்டு அதில் போடுங்கள்.

தேவையானவை

பன்னின் அளவுக்கு 6 கட்லெட் வரும்.

சிவப்பு ராஜ்மா – 200 கிராம் (ஒரு கப்)
பட்டன் காளான் – 150 கிராம்
பெரிய வெங்காயம் – 1
பீட்ரூட் – சிறியது 1
பூண்டு – 5 பல், இஞ்சி – ஒரு சிறு துண்டு
ஓட்ஸ் – அரை கப்
பொட்டுக்கடலை மாவு – 3 டேபிள்ஸ்பூன்
வறுத்த வேர்க்கடலை – கால் கப்
ஆளி விதைப் பொடி – 1 டேபிள்ஸ்பூன்
சோயா சாஸ் – 1 டேபிள்ஸ்பூன்
மிளகாய்த்தூள், சீரகத்தூள் – தலா 1 டீஸ்பூன், மிளகுத்தூள் – அரை டீஸ்பூன்
எலுமிச்சைச் சாறு – 2 டீஸ்பூன்
கொத்தமல்லித் தண்டு – ஒரு கைப்பிடி, பொடியாக நறுக்கியது
உப்பு, எண்ணெய்

கரம் மசாலா பட்டியலில் இல்லாதது மறதியால் இல்லை. அதைப் போட்டால் பன்னுக்குள் ராஜ்மா மசாலாவை வைத்துச் சாப்பிடுவது போல ஆகிவிடும். காளானும் சோயா சாஸும் தரும் ஆழமான ருசி அதில் அமுங்கிப்போகும். பிடித்தவர்கள் சேர்த்துக்கொள்ளலாம், கால் டீஸ்பூனுக்கு மேல் வேண்டாம்.

ஓட்ஸ் சாதாரண வெள்ளை ஓட்ஸாக இருக்கட்டும். மசாலா ஓட்ஸ் பாக்கெட்டைப் பிரித்துக் கொட்டாதீர்கள்.

வேகவைப்பது

ராஜ்மாவை இரவே நிறையத் தண்ணீரில் ஊறப்போடுங்கள், 8 முதல் 10 மணி நேரம். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு இரண்டு தடவை அலசுங்கள். வாயுத் தொல்லைக்குக் காரணமான சர்க்கரைகளில் ஒரு பகுதி அந்தத் தண்ணீரோடு போய்விடும். முழுக்கப் போகாது, ராஜ்மா பழக்கமில்லாதவர்கள் முதல் நாள் ஒரு பர்கரோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

குக்கரில் பயறுக்கு மேல் இரண்டு விரல்கடை நிற்கும் அளவுக்குத் தண்ணீர், ஒரு டீஸ்பூன் உப்பு. உப்புப் போட்டால் பயறு வேகாது என்று ஒரு நம்பிக்கை உண்டு. உண்மையில் உப்பு தோலை இளக்கத்தான் செய்கிறது. வேகவிடாமல் செய்வது புளி, தக்காளி மாதிரியான புளிப்புதான். பெரிய தீயில் முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து 15 முதல் 20 நிமிடம் வையுங்கள், பிறகு ஆவி தானாக அடங்கட்டும். விசில் கணக்கு குக்கருக்குக் குக்கர் மாறும் என்பதால் நிமிடக் கணக்கே மேல்.

ஒரு பயறை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் அழுத்திப் பாருங்கள். தடையில்லாமல் நசுங்க வேண்டும், நடுவில் வெள்ளையாகக் கட்டி இருக்கக் கூடாது. அதே சமயம் குக்கரில் கிடக்கும்போது உருவம் கலையாமல் முழுசாக இருக்க வேண்டும். எவ்வளவு வைத்தாலும் வேகவில்லை என்றால் ஒன்று பயறு பழைய சரக்கு, அல்லது போர்வெல் தண்ணீர் சுண்ணாம்பு மிகுந்த கடினத் தண்ணீர். இரண்டாவதற்கு ஒரு சிட்டிகை சமையல் சோடா உதவும். முதலாவதற்கு வேறு கடை பார்க்க வேண்டியதுதான்.

200 கிராம் ராஜ்மா வெந்ததும் 450 முதல் 500 கிராம் வரை வரும். டின்னில் அடைத்த ராஜ்மா பெரிய கடைகளில் கிடைக்கிறது. 400 கிராம் டின்னை வடித்தால் கையில் மிஞ்சுவது 240 கிராம் அளவுதான், எனவே இரண்டு டின் வேண்டும். அது ஏற்கெனவே வெந்தது. அலசிவிட்டு நேராக அடுத்த படிக்குப் போகலாம்.

உலர்த்துவது

வெந்த ராஜ்மாவை வடிகட்டுங்கள். வடித்த தண்ணீரில் அரை கப் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படலாம். வடிதட்டிலேயே 10 நிமிடம் இருக்கட்டும்.

பிறகு கனமான வாணலியில் எண்ணெய் இல்லாமல் ராஜ்மாவைப் பரப்பி, சிறு தீயில் 7, 8 நிமிடம் பதமாகப் புரட்டுங்கள். ஆவி எழும்பிக்கொண்டே இருக்கும். மேலே இருந்த ஈர மினுமினுப்பு போய், தோல் அங்கங்கே வெடித்து வாய் திறந்தால் சரி. ஓவன் வைத்திருப்பவர்கள் தட்டில் பரப்பி 170 டிகிரியில் 15 நிமிடம் வைத்தால் இதே பலன். அடுப்பில் நிற்க நேரமில்லையா? சூடாக இருக்கும்போதே ஒரு வெள்ளைத் துணியில் பரப்பி மின்விசிறிக்குக் கீழே அரை மணி நேரம் விடுங்கள். சூட்டிலேயே ஈரத்தில் ஒரு பங்கு ஆவியாகிவிடும். வாணலியில் கிடைக்கும் அளவுக்கு வராது, ஆனால் ஒன்றும் செய்யாமல் விடுவதைவிட எவ்வளவோ மேல்.

பெரும்பாலான செய்முறைகளில் இந்தப் படியே இருக்காது. ‘வடிகட்டி மசிக்கவும்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அப்புறம் கலவை தளர்ந்துபோய், அதைக் கெட்டியாக்க மைதாவும் சோள மாவும் மேலும் மேலும் கொட்டி, கடைசியில் ராஜ்மா வாசனை அடிக்கும் மாவுருண்டை ஒன்று கிடைக்கும்.

காய்களை வதக்குவது

காளானைக் கத்தியால் பொடியாக நறுக்குங்கள். மிக்ஸியில் போட்டால் கூழாகிவிடும். வாணலியில் ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய் ஊற்றி, பெரிய தீயில் காளானைப் போட்டு ஒரு சிட்டிகை உப்புத் தூவுங்கள். மூடி போடக் கூடாது. இரண்டு நிமிடத்தில் காளான் தண்ணீர் விட்டு அதிலேயே மிதக்கும். பொறுமையாக இருங்கள், அந்தத் தண்ணீர் சுண்டி, வாணலியில் சடசடவென்று சத்தம் மாறும். காளான் பாதி அளவுக்குச் சுருங்கி ஓரங்கள் பழுப்பாகும். ருசி பிறப்பது அந்தப் பழுப்பில்தான்.

அப்போது பொடியாக நறுக்கிய வெங்காயத்தைச் சேர்த்து, கண்ணாடியாவதோடு நிறுத்தாமல் பொன்னிறம் தாண்டும்வரை வதக்குங்கள். நசுக்கிய பூண்டு, இஞ்சி, பிறகு துருவிய பீட்ரூட். பீட்ரூட்டைத் துருவியதும் கையால் ஒருமுறை பிழிந்துவிட்டுப் போட்டால் வேலை சுலபம். (பிழிந்த சாற்றைக் கொட்டாதீர்கள், மோரில் கலந்து குடிக்கலாம்.) பீட்ரூட் முக்கியமாக நிறத்துக்காகத்தான். அது இல்லாவிட்டால் ராஜ்மாவும் ஓட்ஸும் சேர்ந்து ஒரு மண் நிறம் வரும். ருசி எப்படி இருந்தாலும் தட்டில் பார்க்க உற்சாகமாக இருக்காது.

5 நிமிடம் கழித்துத் தூள்களைப் போட்டு அரை நிமிடம் புரட்டி, சோயா சாஸை ஊற்றி அதுவும் சுண்டியதும் இறக்குங்கள். வாணலியைச் சாய்த்தால் ஒரு சொட்டுகூட ஓடி வரக் கூடாது. கொத்தமல்லித் தண்டைத் தூவி, முழுக்க ஆறவிடுங்கள். சூடாகக் கலந்தால் ஆவி மறுபடி தண்ணீராகிக் கலவைக்குள்ளேயே நின்றுவிடும்.

கலப்பது

காய் ஆறும் நேரத்தில் மூன்று சின்ன வேலைகள். ஆளி விதைப் பொடியை 3 டேபிள்ஸ்பூன் தண்ணீரில் கலந்து 10 நிமிடம் வையுங்கள், வழவழப்பாகி முட்டையின் வேலையைச் செய்யும். முழு விதையாகப் போட்டால் இந்த வழவழப்பு போதிய அளவு வராது, பொடித்துத்தான் போட வேண்டும். ஓட்ஸில் பாதியை மிக்ஸியில் மாவாக்கி, மீதியை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். வேர்க்கடலையைத் தோல் நீக்கி ஒன்றிரண்டாகப் பொடியுங்கள்.

அகன்ற பாத்திரத்தில் ராஜ்மாவைப் போட்டுப் பருப்பு மத்தால் மசியுங்கள். நாலில் மூன்று பங்கு மசிந்து, ஒரு பங்கு அரைகுறையாக நிற்க வேண்டும். மிக்ஸி இங்கே எதிரி. அதிகம் அரைத்தால் பயறில் இருக்கும் மாவுச்சத்தெல்லாம் வெளியே வந்து பசை போல ஆகிவிடும். வெளியே எவ்வளவு முறுகினாலும் உள்ளே களிதான். அங்கங்கே அரைப் பயறும் வேர்க்கடலையும் தட்டுப்பட்டால்தான் மென்று சாப்பிடும் உணர்வு வரும்.

வதக்கிய காய், ஓட்ஸ், பொட்டுக்கடலை மாவு, வேர்க்கடலை, ஆளி விதைக் கூழ், எலுமிச்சைச் சாறு, முக்கால் டீஸ்பூன் உப்பு எல்லாவற்றையும் சேர்த்துக் கையால் கலந்து 10 நிமிடம் மூடி வையுங்கள். ஓட்ஸ் ஈரத்தை இழுத்துக்கொள்ள அந்த நேரம் வேண்டும். கலந்த உடனே தளர்வாக இருக்கிறதே என்று பயந்து மாவு சேர்த்தீர்களானால் 10 நிமிடத்தில் அது காய்ந்த மண்ணாகிவிடும்.

கடலை மாவு போடாமல் பொட்டுக்கடலை மாவு போடுவதற்குக் காரணம் இருக்கிறது. கடலை மாவின் பச்சை வாசனை போக எண்ணெயில் நன்றாகப் பொரிய வேண்டும், தடிமனான கட்லெட்டின் நடுப்பகுதிக்கு அந்தச் சூடு எட்டாது. பொட்டுக்கடலை ஏற்கெனவே வறுத்தது. இன்னொரு வசதி, கலவையில் வேகாத ஆபத்தான பொருள் எதுவும் இல்லாததால் அப்படியே எடுத்து வாயில் போட்டு உப்பு, காரம் பார்க்கலாம். இரண்டும் ஒரு பிடி தூக்கலாக இருக்கட்டும், பன் அதைச் சமன்படுத்திவிடும்.

இப்போது எலுமிச்சை அளவு உருட்டி உள்ளங்கையில் வைத்து அழுத்துங்கள். ஓரத்தில் லேசான விரிசல் மட்டும் விழுந்தால் பதம் சரி. ஆழமாகப் பிளந்தால் எடுத்துவைத்த ராஜ்மாத் தண்ணீரில் ஒரு டீஸ்பூன், மறுபடி பாருங்கள். கையில் பிசுபிசுவென்று ஒட்டினால் பொட்டுக்கடலை மாவு ஒரு டீஸ்பூன். எதைச் சேர்த்தாலும் டீஸ்பூன் கணக்கில்தான்.

தட்டுவது

கலவை மொத்தம் 700 கிராமுக்குக் கொஞ்சம் மேலே வரும். 120 கிராம் வீதம் ஆறாகப் பிரித்து, 10 சென்டிமீட்டர் அகலம், ஒன்றரை சென்டிமீட்டர் தடிமன் இருக்கும்படி தட்டுங்கள். ஊறுகாய் பாட்டிலின் அகல மூடிக்குள் வாழையிலைத் துண்டை விரித்து அழுத்தி எடுத்தால் எல்லாம் ஒரே அளவாக வரும். ஓரத்து விரிசல்களை ஈர விரலால் தடவி மூடிவிடுங்கள். பிறகு உடைவதெல்லாம் அந்த விரிசலிலிருந்துதான் தொடங்கும்.

இறைச்சிக் கட்லெட் சூட்டில் சுருங்கும் என்பதால் அதைப் பன்னைவிடப் பெரிதாகத் தட்டுவார்கள். பயறு சுருங்காது. பன் எவ்வளவு அகலமோ அவ்வளவே போதும்.

தட்டில் அடுக்கி ஃபிரிட்ஜில் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வையுங்கள். அவசரம் என்றால் ஃபிரீசரில் 15 நிமிடம்.

சுடுவது

இரும்புத் தோசைக்கல் இதற்கு அருமையானது. பழகிய கல்லாக இருக்க வேண்டும், புதுக் கல் என்றால் நான்ஸ்டிக்கில் செய்யுங்கள். மிதமான தீயில் கல் காய்ந்ததும் ஒரு கட்லெட்டுக்கு ஒரு டீஸ்பூன் எண்ணெய் விட்டு, மூன்று மூன்றாகப் போடுங்கள். போட்ட பிறகு 5 நிமிடம் தொடாதீர்கள். தள்ளிப் பார்ப்பது, ஓரத்தைத் தூக்கிப் பார்ப்பது எதுவும் வேண்டாம். அடியில் மொறுமொறுப்பான தோல் கட்டியதும் கட்லெட் கல்லை விட்டுத் தானாக நகரும். நகரவில்லை என்றால் இன்னும் நேரம் ஆகவில்லை என்று அர்த்தம். அகலமான தோசைத் திருப்பியை முழுக்க அடியில் செலுத்தி, ஒரே ஒரு முறை திருப்புங்கள். அந்தப் பக்கமும் 5 நிமிடம். பின்னர் தீயைக் குறைத்து மேலும் 2, 3 நிமிடம் வைத்தால் நடுப்பகுதியும் சூடேறி இறுகும். மூடி போட வேண்டாம். ஆவி மறுபடி மேல்தோலை நனைத்துவிடும்.

கல்லிலிருந்து எடுத்ததும் கம்பி வலைத் தட்டில் 5 நிமிடம் ஆறட்டும். சூட்டில் தளர்வாகத் தெரிவது ஆறும்போது கெட்டிப்படும். உடனே கடித்துப் பார்த்துவிட்டு ‘உள்ளே மாவாக இருக்கிறது’ என்று முடிவு கட்டுவது சரியில்லை.

ஓவனில் என்றால் 190 டிகிரியில் 25 முதல் 30 நிமிடம், பாதியில் ஒரு தடவை திருப்ப வேண்டும். ஏர் ஃபிரையரில் அதே சூட்டில் 12 முதல் 15 நிமிடம். இரண்டிலும் மேலே எண்ணெய் தடவாவிட்டால் வறண்டுபோகும். கரி அடுப்பின் கம்பியில் நேராக வைக்காதீர்கள், அலுமினியத் தாளுக்கு மேல் வையுங்கள். எண்ணெயில் முக்கிப் பொரிக்கும் யோசனையையும் விட்டுவிடுங்கள். மேல்மாவு இல்லாத கட்லெட் எண்ணெயில் பிரிந்து கரைய ஆரம்பிக்கும்.

ஒரு கட்லெட்டில் புரதம் சுமார் 10 கிராம் இருக்கும். பெரும்பங்கு ராஜ்மாவிலிருந்து, மீதி வேர்க்கடலை, ஓட்ஸ், பொட்டுக்கடலையிலிருந்து.

பன்னுக்குள் வைப்பது

மென்மையான பன்னாகத் தேடுங்கள். கெட்டியான பன்னைக் கடிக்க அழுத்தும்போது பயறுக் கட்லெட்தான் முதலில் விட்டுக்கொடுக்கும், பிதுங்கி வெளியே வரும். பேக்கரியின் சாதாரண இனிப்பு பன்கூடப் பரவாயில்லை, காரமான கட்லெட்டோடு அந்த லேசான தித்திப்பு நன்றாகவே சேரும். கோதுமை பன் கிடைத்தால் பாக்கெட்டைத் திருப்பிப் படியுங்கள், பல பன்களில் மைதாதான் முதல் பொருளாக இருக்கும். எந்த பன்னானாலும் வெட்டிய பக்கத்தைக் கல்லில் வாட்டி எடுங்கள். வாட்டிய பரப்பு சாஸை உடனே உறிஞ்சி நமுத்துப்போகாது.

சாஸுக்கு மயோனைஸ் பாட்டிலைத் தேடத் தேவையில்லை. பச்சை முட்டையில் செய்த மயோனைஸுக்குத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை விதித்தது நினைவிருக்கும். கிருமித் தொற்றுக்கு அது எளிதில் இடம் கொடுக்கிறது என்பதுதான் காரணம். தயிரைத் துணியில் கட்டி இரண்டு மணி நேரம் தொங்கவிட்டு, அதில் ஒரு பல் பூண்டு, மிளகு, உப்பு, கொஞ்சம் கடுகுப் பொடி கலந்தால் அருமையான சாஸ் தயார். பால் பொருள் வேண்டாதவர்களுக்கு வேர்க்கடலைச் சட்னியோ, புதினா–கொத்தமல்லித் துவையலோ இருக்கிறது. எதுவானாலும் கெட்டியாக அரையுங்கள்.

அடுக்கும் வரிசை: அடி பன், சாஸ், இலை, கட்லெட், வெங்காயம், தக்காளி, மறுபடி கொஞ்சம் சாஸ், மேல் பன். அடியில் இலை வைப்பது ஈரம் பன்னுக்குள் இறங்காமல் தடுக்க. லெட்டூஸ் கிடைக்காத ஊரில் முட்டைக்கோஸின் உள் இலை போதும். தக்காளியை வெட்டி விதைப் பகுதியை வழித்துவிடுங்கள். வெங்காய வளையங்களை வினிகரும் ஒரு சிட்டிகை உப்பும் சர்க்கரையும் போட்டு அரை மணி நேரம் ஊறவைத்தால் பயறின் கனத்தை அந்தப் புளிப்பு வெட்டிக் கொடுக்கும். இந்த ஒன்றை மட்டும் தவறவிடாதீர்கள் என்று சொல்வேன்.

மாற்றிச் செய்ய

வெள்ளைக் கொண்டைக்கடலையில் செய்தால் அது ராஜ்மாவைவிட உலர்ந்தது, உதிரும். அதனால் மூன்றில் ஒரு பங்கை மட்டும் மிக்ஸியில் மையாக அரைத்துச் சேர்க்க வேண்டும். பீட்ரூட்டுக்குப் பதில் கேரட், வேர்க்கடலைக்குப் பதில் வறுத்த எள். கறுப்புக் கொண்டைக்கடலையின் தோல் வாயில் நிற்கும், முதல் தடவைக்கு வேண்டாம்.

தட்டைப்பயறு இரண்டு, மூன்று மணி நேரம் ஊறினாலே வெந்துவிடும், அவசரத்துக்கு ஏற்றது. குழையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இதோடு ஓட்ஸுக்குப் பதில் ஆறிய சாமை அல்லது வரகுச் சோறு முக்கால் கப் சேர்த்தால் நல்ல கடிபதம் வரும். பச்சைப்பயறும் உடைத்த பருப்பு வகைகளும் வெந்ததும் குழைந்துவிடுவதால் புதிதாகச் செய்பவர்களுக்குச் சிரமம்.

காளான் பிடிக்காத வீடுகளில் வாழைப்பூ. கள்ளன் நீக்கிப் பொடியாக நறுக்கி, மோரில் போட்டு எடுத்து, பிழிந்து, அதே மாதிரி சுண்ட வதக்குங்கள். பிஞ்சுப் பலாக்காயை வேகவைத்து உதிர்த்துப் பிழிந்து போட்டாலும் நார்நாராக நன்றாக இருக்கும். முட்டை சாப்பிடுபவர்கள் ஆளி விதைக் கூழுக்குப் பதில் ஒரு முட்டை சேர்க்கலாம், அப்போது கலவையைப் பச்சையாக ருசி பார்க்கக் கூடாது, நடுப்பகுதியும் நன்றாக வேகும்வரை சுட வேண்டும்.

எடுத்து வைப்பது

தட்டிய கட்லெட் ஃபிரிட்ஜில் இரண்டு நாள் தாங்கும், சுட்டது மூன்று நாள். ஆறு பேருக்கு ஆறு என்று செய்வதைவிட ஒரே நாளில் இரண்டு மடங்காகச் செய்து பாதியை ஃபிரீசரில் வைப்பது புத்திசாலித்தனம்; வேலை ஏறக்குறைய அதேதான். தட்டிய கட்லெட்டுகளை முதலில் தட்டில் பரப்பி இரண்டு மணி நேரம் உறையவிட்டு, பிறகு நடுநடுவே பட்டர் பேப்பர் வைத்து டப்பாவில் அடுக்குங்கள். மூன்று மாதம் வரை ருசி குறையாது. மின்வெட்டில் இளகிவிட்டால் மறுபடி உறையவைக்காமல் அன்றே சுட்டுவிடுங்கள்.

உறைந்ததைச் சுடும்போது வெளியே எடுத்து இளகவைக்க வேண்டாம், இளகினால் ஈரம் கசிந்து மறுபடி உடையும். நேராகக் கல்லில் போட்டு, சிறு தீயில் பக்கத்துக்கு 3 நிமிடம் மூடி வைத்து உள்ளே இளகச் செய்யுங்கள். இங்கே மட்டும்தான் மூடி. அதன் பிறகு மூடியை எடுத்துவிட்டு, தீயைக் கூட்டி, இரண்டு பக்கமும் முறுகவிட்டு எடுங்கள்.